கடைசி ஆளுக்கு ஒன்றாம் எண்

எங்கள் ஊராட்சியின் நான்காவது வார்டில், போன உள்ளாட்சித் தேர்தலில் ஜெயித்தவருக்கு நூற்று நாற்பத்தொரு ஓட்டு. தோற்றவருக்கு நூற்று நாற்பது. செல்லாதவை ஒன்பது. இந்த மூன்று எண்களும் வார்டில் எல்லோருக்கும் மனப்பாடம். முடிவு தெரிந்த அன்று மாலையிலிருந்தே, "அந்த ஒரு ஓட்டு என்னுதுதான்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். டீக்கடைக்காரர் சொன்னார். அவருடைய மைத்துனர் சொன்னார். துபாயிலிருந்து லீவில் வந்திருந்த ஒருவர், "டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுட்டு இருந்து ஓட்டுப் போட்டேன், இல்லாட்டி அவர் கதை முடிஞ்சிருக்கும்" என்றார்.

எனக்கு எதையும் எண்ணாமல் விட முடியாது. ஜெயித்தவருக்குத்தான் போட்டேன் என்று யார் யார் சொல்கிறார்கள் என்று ஒரு பழைய டைரியின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு வந்தேன். நூற்று அறுபத்தெட்டு வந்ததும் நிறுத்திவிட்டேன். நூற்று நாற்பத்தொரு பேர் போட்ட ஓட்டை நூற்று அறுபத்தெட்டுப் பேர் போட்டிருந்தார்கள். நானும் அவருக்குத்தான் போட்டேன், காய்ச்சலோடு நடந்து போய். அந்த ஒன்று என்னுடையதாக இருக்கலாம் என்று எனக்கும் உள்ளுக்குள் ஓர் எண்ணம் இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை.

நான் புள்ளியியல் துறையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தவன். அறுவடைக் காலத்தில் வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அந்தச் சதுரத்துக்குள் இருக்கும் கதிரை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போட்டு எழுத வேண்டும். அப்படிப் பல வயல்களில் எடுத்த எடையை வைத்து வட்டாரத்தின் விளைச்சலைச் சொல்வார்கள். திருவாரூர்ப் பக்கமும் தஞ்சாவூர்ப் பக்கமுமாக எத்தனை சதுரம் அறுத்திருப்பேன் என்பதற்கும் என்னிடம் கணக்கு இருக்கிறது. ஓய்வுக்குப் பிறகு மனைவியின் ஊரில் வீடு கட்டிக்கொண்டு வந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. வயது எழுபத்து நான்கு. ஒரு நாளைக்கு ஏழு மாத்திரை.

உள்ளாட்சித் தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியதும் நான் முதலில் செய்தது, எங்கள் வார்டு வாக்காளர் பட்டியலை வாங்கி வாசித்ததுதான். முந்நூற்று எண்பத்தாறு பெயர். அதில் பதினொரு பேர் செத்தவர்கள் என்று எனக்கே தெரிந்தது. ஒருவருடைய கருமாதிச் சாப்பாட்டையே நான் சாப்பிட்டிருக்கிறேன். ஒரு ஓட்டில் முடிவு மாறிய வார்டில் பதினொரு செத்தவர்கள் பட்டியலில் இருக்கலாமா? இரண்டு நாள் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள், பட்டியலில் எங்கள் பாகத்துக்குப் பொறுப்பான வாக்குச்சாவடி நிலை அலுவலரை, பி.எல்.ஓ.வை, பிடித்தேன். பக்கத்து ஊர் அங்கன்வாடியில் வேலை பார்க்கும் பெண். இந்தப் பாகம் அவர் கைக்கு வந்து இரண்டே மாதம் ஆகியிருந்தது.

"சார், எனக்கு இந்த ஊர்ல ஒருத்தரையும் தெரியாது. காலையில புள்ளைங்களுக்கு முட்டை அவிச்சுப் போட்டுட்டுத்தான் வர முடியும். நீங்களே கூட வாங்களேன், புண்ணியமா போகும்."

போனேன். புரட்டாசி மாதம். தினமும் பதினொரு மணிக்குக் கிளம்பி ஒரு மணிவரை. மேலத்தெருவில் எனக்குச் சிரமமில்லை, எல்லா வீடும் தெரியும். கீழத்தெருவில் இருபத்து மூன்று வீடு. வாய்க்காலைத் தாண்டி அந்தத் தெருவின் கடைசிவரை நான் அதுவரை நடந்ததே இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அங்கே முதல் வீட்டில் ஆறு பெயர். நிறைமாதமாக இருந்த மருமகப் பெண் வாசலுக்கு வந்தது. நான் ஆறு பெயரையும் வாசித்து, "எல்லாரும் இருக்காங்களாம்மா?" என்று கேட்டேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றது. "இருக்காங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டது. ஆறு டிக் போட்டேன்.

கடைசி வீடு பூட்டியிருந்தது. தனித் தொகுப்பு வீடு. பட்டியலில் அந்த எண்ணில் ஒரே பெயர், ஐம்பத்தாறு வயதுப் பெண். இரண்டாவது தடவை போனபோதும் பூட்டு. மூன்றாவது தடவையும் பூட்டு. தெருவில் வேறு பல வீடுகளும் பூட்டித்தான் இருந்தன. ஆனால் ஒரு தடவை இல்லாவிட்டால் அடுத்த தடவை உள்ளே யாராவது ஒரு கிழவரோ காய்ச்சலில் படுத்த பிள்ளையோ அகப்பட்டது. இந்த வீடு மட்டும் திறக்கவேயில்லை. நான் சுற்றிப் பார்த்தேன். ஆட்டுக் கொட்டிலில் ஆடு இல்லை. பழைய புழுக்கை மட்டும் காய்ந்து கிடந்தது. வாசலில் கோலம் இல்லை. அன்றைய கோலம் மட்டுமல்ல, பல மாதத்துக் கோலத்தின் தடமே இல்லை. ஆள் இருக்கிற வீட்டில் பொம்பளை ஒருத்தி ஒரு புள்ளியாவது வைக்காமலா இருப்பாள் என்று நினைத்தேன்.

"நிரந்தரமாக் குடிபெயர்ந்துட்டாங்கன்னு போட்டுரலாமா சார்?" என்றார் பி.எல்.ஓ. "அக்கம்பக்கத்துச் சாட்சி ஒண்ணு வேணும்."

மூன்று முறை பூட்டு, ஆடு இல்லை, கோலம் இல்லை என்று விவரமாக எழுதி, சாட்சியாக நானே கையெழுத்துப் போட்டேன். கதவில் நோட்டீஸ் ஒட்டினோம். அன்று சாயங்காலம் நல்ல மழை.

ஐப்பசியில் வரைவுப் பட்டியல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் பெயர் சேர்க்க, திருத்த முகாம். நான் சொன்ன பதினொரு பேரில் ஒன்பது பேரை எடுத்திருந்தார்கள். எனக்குத் திருப்தி. வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் கேட் சத்தம் கேட்டது. கணுக்கால்வரை காய்ந்த சேற்றோடு ஓர் அம்மாள் நின்றிருந்தார். கையில் பிளாஸ்டிக் பை.

"சார் வீடு இதுதானே?"

"ஆமாம்மா. நீங்க யாரு?"

"நான்தான் ஊரை விட்டுப் போனவ."

எனக்குப் புரியவில்லை. அவர் பையிலிருந்து வாக்காளர் அட்டையை எடுத்துக் காட்டினார். எண்ணைப் பார்த்ததும் புரிந்தது. கடைசி வீடு.

"முகாமுல கேட்டேன். அந்தப் பொண்ணு, 'சார்தான் மூணு தடவை வந்து பார்த்து எழுதிக் குடுத்தாரு'ங்குது. மூணு தடவை வந்தீங்களா?"

"வந்தேன்."

"எத்தன மணிக்கு?"

"பதினொரு மணிக்கு."

"சம்பா நடவு நடக்குற நேரத்துல, பகல் பதினோரு மணிக்கு, நடவாளு வீட்டுல வந்து தட்டுனீங்களா?" அவர் சத்தம் போடவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலத்தான் கேட்டார். "சார் பயிர் கணக்கு ஆபீஸுல இருந்ததாச் சொன்னாங்களே."

என் மனைவி உள்ளேயிருந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். அந்த அம்மாள் தன் காலைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பிறகு உட்கார்ந்தார்.

"ஆடு இல்லையேம்மா" என்றேன்.

"விடியக்காலம் போனா பொழுது சாஞ்சுதான் வர்றேன். ஆட்டை யாரு மேய்க்கிறது? தங்கச்சி வீட்டுல விட்டிருக்கேன்."

"வாசல்ல கோலமும்..."

என் மனைவிதான் சொன்னாள். "என்னங்க, கோலம் இல்லாட்டி ஆள் இல்லேன்னா அர்த்தம்? துக்க வீடாக்கூட இருக்குமே. வருஷம் திரும்புற வரைக்கும் போட மாட்டாங்கள்ல?"

அவருடைய கணவர் வைகாசியில் இறந்திருந்தார். கோடை மூன்று மாதமும் நாங்கள் சென்னையில் மகள் வீட்டில் இருந்தோம். எனக்குத் தெரியாது. எழுபத்து நான்கு வருஷம் இந்த மண்ணில் இருந்துவிட்டு, கோலம் இல்லாத வாசலைப் பார்த்துக் கேட்க வேண்டிய ஒரே கேள்வியை நான் கேட்கவில்லை.

"அவரு பேரு இருக்கு சார்" என்றார் அந்த அம்மாள். "அதான் எனக்கு ஆறவே இல்ல. செத்த மனுசன் லிஸ்ட்டுல இருக்காரு. உசுரோட இருக்கற நான் இல்ல."

பட்டியலை எடுத்துப் பார்த்தேன். கீழத்தெரு முதல் வீடு, ஆறு பெயரில் நான்காவது. அது இந்த அம்மாளின் கொழுந்தனார் வீடு. தொகுப்பு வீடு கட்டிக்கொண்டு தனியாக வந்தபோது இந்த அம்மாள் முகாமுக்குப் போய்ப் பெயரை மாற்றிக்கொண்டார். கணவர், 'அடுத்த தடவை பார்த்துக்கலாம்' என்று விட்டுவிட்டாராம். நிறைமாதப் பெண் ஒன்று வாசலில் நின்றுகொண்டு, பெரிய மாமனார் செத்துவிட்டார் என்று வாயால் சொல்லுமா? சொல்லாது. நான் டிக் போட்டேன். ஒரு சாவு, அங்கே செத்தவரை இருப்பவராக்கியது. இங்கே இருப்பவரை இல்லாதவராக்கியது. இரண்டு இடத்திலும் பேனா என்னுடையது.

"இப்ப என்ன செய்யலாம் சார்? நான் இது வரைக்கும் ஒரு எலக்சன் விட்டதில்ல. அதுலயும் இந்த வார்டு எலக்சன விட மாட்டேன்."

பெயர் சேர்க்கப் படிவம் ஆறு எழுத வேண்டும் என்றேன். என்னிடம் நான்கு பிரதி இருந்தது, எப்போதும் வைத்திருப்பேன். எழுத ஆரம்பித்தேன். ஆதார் இருந்தது. எழுதிக்கொண்டே, அடக்க முடியாமல் கேட்டேன்: "வார்டு எலக்சன்ல அப்படி என்னம்மா?"

"போன தடவ ஒரு ஓட்டுல ஜெயிச்சாருல்ல? அது என் ஓட்டு."

பேனாவை வைத்துவிட்டேன். நூற்று அறுபத்தொன்பது.

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க."

"சொல்லட்டும். நான்தான் கடைசியாப் போட்டேன். அன்னிக்கி வெளியூர் நடவு. நாலரைக்குக் கரையேறி, வேன்காரனை விரட்டி, சேத்துக் காலோட ஓடியாந்தேன். அஞ்சு அடிக்கப் போவுது. எனக்கு முன்னாடி ஆறு பேரு. போலீசுக்காரரு கேட்டைச் சாத்திட்டாரு. எனக்குப் பின்னால யாருமே இல்ல. எனக்கு ஒண்ணாம் நம்பர் சீட்டு குடுத்தாங்க."

"ஒண்ணாம் நம்பரா?"

"ஒண்ணாம் நம்பரு. கையில வாங்கிப் பாத்தேன், ஒண்ணுன்னு எழுதியிருந்துச்சு. அது எனக்குப் படிக்கத் தெரியும்."

கடைசியாக வந்தவருக்கு எப்படி ஒன்றாம் எண் கிடைக்கும்? முன்னால் ஆறு பேர் என்றால் ஏழாம் எண்ணல்லவா கிடைக்க வேண்டும்? மற்ற நூற்று அறுபத்தெட்டுப் பேரைப்போல இவரும் கொஞ்சம் சேர்த்துச் சொல்கிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அந்த நிலையில் நான் யாருடைய கணக்கைச் சரிபார்ப்பது?

"அதுல ஜெயிச்சவரு என்ன செஞ்சாரு?"

"மதகுகிட்ட லைட்டு போட்டாரு. நாங்க விடியக்காலம் அஞ்சு மணிக்கு வேனுக்கு நிக்கிற எடம் அது. முன்னாடி பாம்பு எது, வரப்பு எதுன்னு தெரியாது. பதினாலு பொம்பளைங்க ஒருத்தி முந்தானையை ஒருத்தி பிடிச்சுக்கிட்டு நிப்போம். அந்த லைட்டு என் ஓட்டு சார்."

கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தார். கேட் வரை போனவரிடம் நான் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. கணவர் பெயரை எடுக்கப் படிவம் ஏழு, இறப்புச் சான்றிதழ் நகல்.

"அதுக்கும் நான்தான் கையெழுத்துப் போடணுமா?"

"வேற யாரும் போடலாம். நீங்க போட்டா சீக்கிரம் முடியும்."

அவர் திரும்பி நின்றார். "இந்த ஒரு தடவைக்கு இருந்துட்டுப் போவட்டுமே. யாருக்கு என்ன தொந்தரவு?"

சரி என்று சொல்லிவிடலாம்போல இருந்தது. ஆனாலும் சொன்னேன்: "பேரு இருந்தா அந்த ஓட்டை வேற யாராவது போட்டுடுவாங்கம்மா."

"வேற எவனோவா?"

"நடக்கும்."

"அவரு ஓட்டை அவரே ஒழுங்காப் போட்டதில்ல. சின்னத்துக்கு மேல குத்தாம கோட்டு மேல குத்திட்டு வந்து நிப்பாரு. அதைப் போயி இன்னொருத்தன் ஒழுங்காப் போடுறதா? நாளைக்கு சர்ட்டிபிகேட்டு கொண்டாறேன்."

அவர் போன பிறகு, ஒன்றாம் எண் சீட்டு விஷயத்தை மனைவியிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியை. ஆறு தேர்தலில் வாக்குச்சாவடிப் பணிக்குப் போனவள். என்னை எந்தத் தேர்தலிலும் ஓட்டு எண்ணும் இடத்துக்குத்தான் அனுப்பியிருக்கிறார்கள்; ஓட்டுப் போடும் இடத்து வேலை எனக்குத் தெரியாது.

"அஞ்சு மணி ஆனதும் வரிசையில நிக்கறவங்களுக்குச் சீட்டு குடுப்போம்" என்றாள். "முன்னால இருந்து குடுத்தா, குடுத்துக்கிட்டு இருக்கும்போதே பின்னால நாலு பேர் வந்து சேர்ந்துக்குவாங்க. அதனால வாலிலேர்ந்துதான் குடுக்கணும். கடைசியில நிக்கற ஆளுக்கு ஒண்ணு. அவருக்கு முன்னால நிக்கறவருக்கு ரெண்டு. அப்படியே முன்னால வரணும்."

"அப்ப ஒண்ணாம் நம்பர் வாங்கினவங்க..."

"அவங்கதான் அந்தச் சாவடியிலேயே கடைசி ஓட்டு."

அன்று டைரியை எடுத்துப் பார்த்தேன். கணக்குப்படி அந்த நூற்று நாற்பத்தொன்றில் எதை எடுத்தாலும் சமம்தான் ஆகும். எல்லா ஓட்டும் அந்த ஒரு ஓட்டுதான். முதலில் போட்டவருக்கும் அந்த உரிமை உண்டு, காய்ச்சலோடு போட்ட எனக்கும் உண்டு. இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கேட் சாத்தப்பட்ட பிறகு, பின்னால் யாரும் இல்லாமல், கையில் ஒன்று என்று எழுதிய சீட்டோடு நின்றவர் ஒருவர்தான். நூற்று நாற்பதுக்கு நூற்று நாற்பது என்று நின்றிருந்தால் சீட்டுக் குலுக்கித்தான் எடுத்திருப்பார்கள்.

மறுநாளே இரண்டு படிவங்களையும் பி.எல்.ஓ.விடம் கொடுத்தேன். அவர் முகம் வாடிவிட்டது. "சார், வீட்டுக்கு நேர்ல போய் ஆளைப் பார்த்தேன்னு நான் எழுதணும். போன தடவை பூட்டுன்னு எழுதியிருக்கோம். இந்தத் தடவையும் பூட்டியிருந்தா தள்ளுபடி ஆயிடும். அவங்களை ஒரு நாள் வீட்டுல இருக்கச் சொல்லுங்க."

"உங்களால எப்ப வர முடியும்?"

"பதினோரு மணிக்குத்தான் சார்."

அந்த அம்மாளைக் கேட்டேன். குறுவை அறுத்த வயல்களில் தாளடி நடவு தொடங்கிவிட்டது. பதினான்கு பேர் கொண்ட செட்டு. ஒருத்தி நின்றால் வரிசையில் ஓட்டை விழும், மற்ற பதின்மூன்று பேரும் அதை இழுத்துப் போட்டு நட வேண்டும். "அன்னிக்கி ஒரு நாள் நின்னா செட்டுல வேற ஆளைச் சேத்துக்குவாங்க சார். அப்புறம் தை வரைக்கும் நான் வீட்டுலதான் இருக்கணும். அப்ப வந்து நல்லாப் பாருங்க."

விண்ணப்பங்களை விசாரித்து முடிக்க வேண்டிய கடைசி நாளுக்கு நான்கு நாள் இருந்தது. எனக்கு ரத்த அழுத்தம் ஏறியது. நூற்று அறுபதுக்கு மேல். மனைவி மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு, "ஆள் வீட்டுல இல்லேன்னா ஆள் இருக்கற எடத்துக்குப் போங்க" என்றாள்.

அடுத்த நாள் பதினொரு மணிக்கு நானும் பி.எல்.ஓ.வும் ஒரு ஷேர் ஆட்டோவில் அந்த வயலுக்குப் போனோம். ரோட்டிலிருந்து வரப்பில் முந்நூறு எட்டு. இருநூறாவது எட்டில் எனக்குக் கால் வழுக்கி, வேட்டி பாதி சேறு. நடவு வரிசையிலிருந்து சிரிப்பு வந்தது.

"ஏடி, யாருடி அது? நம்மளைச் சாகடிச்ச சாரா?"

"ஆமாக்கா, மறுபடி எண்ண வந்திருக்காரு. எல்லாரும் நல்லா மூச்சு விட்டுக் காட்டுங்கடி!"

"சார், குனிஞ்சிருக்கோம்னு விட்டுறாதீங்க. தலையை எண்ணாட்டியும் முதுகையாவது எண்ணிக்குங்க!"

எண்ணினேன். பதினான்கு முதுகு. அந்த அம்மாள் கையைக் கழுவிக்கொண்டு கரையேறி வந்தார். பி.எல்.ஓ. படிவத்தை அட்டையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "சார், குடியிருப்பு விசாரணைன்னு இருக்கு. வயல்ல வச்சு எப்படி? வீட்டுக்கு வலது பக்கம், இடது பக்கம் ரெண்டு வீட்டுல கேட்டதா எழுதணும்."

அந்த அம்மாள் வயலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏ, பக்கத்து வீடே! மேல வா. எதிர்த்த வீடு, நீயும் வா."

இரண்டு பெண்கள் நிமிர்ந்தார்கள். மூன்றாவதாக ஒருத்தி, "நான் பின்னாடி வீடு, நான் வரவேணாமா?" என்றாள். கொஞ்ச நேரத்தில் பதினான்கு பேரும் வரப்பில் நின்றார்கள். முதல் வீட்டு மருமகளின் மாமியார்கூட அதில் இருந்தார். நான் மூன்று முறை பூட்டைப் பார்த்துவிட்டு வந்த கீழத்தெரு முழுவதும் அந்த வயலில் இருந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் சாட்சி சொன்னார்கள். யார் சுவர் யாருடையது, யார் வீட்டுக் கோழி எங்கே முட்டையிடும் என்பதுவரை சொன்னார்கள். பி.எல்.ஓ. இரண்டு பெயரை எழுதிக்கொண்டார். எழுதும்போது அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

புகைப்படம் வேண்டும் என்றார். செல்போனில் எடுக்கலாம், ஆனால் பின்னால் வெள்ளையாக இருக்க வேண்டும். சுற்றிலும் பச்சையும் சேறும்தான். என் தோள் துண்டைக் கொடுத்தேன். இரண்டு பெண்கள் அதை ஆளுக்கொரு முனையாகப் பின்னால் விரித்துப் பிடித்தார்கள்.

"பொண்ணு பார்க்க எடுக்குற போட்டோடி, சிரிக்காம நில்லு."

"கல்யாணத்துக்கே இப்படித் துணி பிடிக்கல, ஓட்டுக்குப் பிடிக்கிறீங்க" என்றார் அந்த அம்மாள். படத்தில் வாய் ஓரம் கொஞ்சம் கோணியிருந்தது. அதுவே போதும் என்றார் பி.எல்.ஓ.

நான் அதோடு விட்டிருக்கலாம். முடியவில்லை. பையிலிருந்து பட்டியலை எடுத்து, அந்த வரப்பிலேயே நின்று மற்ற பதின்மூன்று பேருடைய பெயரையும் ஒவ்வொன்றாக வாசித்துச் சரிபார்த்தேன். பதின்மூன்றும் இருந்தன. ஒருத்திக்கு மட்டும் வயது முப்பத்தெட்டுக்குப் பதில் எண்பத்து மூன்று என்று இருந்தது. "அதான் சார் எனக்கு இடுப்பு வலிக்குது" என்றாள். அதற்கும் ஒரு படிவம் எழுதினேன்.

பிறகு வந்த நாட்களில் ஊராட்சி அலுவலகத்துக்கு ஒன்பது முறை போனேன். எழுத்தர் என்னைக் கண்டாலே, "இன்னும் வரல சார்" என்று தூரத்திலேயே கையை ஆட்டுவார். ஒன்பதாவது தடவை அவர் கையை ஆட்டவில்லை. துணைப் பட்டியல் பலகையில் ஒட்டியிருந்தது. ஒரே தாள். சேர்க்கையில் எங்கள் வார்டுக்கு ஐந்து பெயர். ஐந்தாவது அந்த அம்மாள். கணவர் பெயர் என்ற இடத்தில் அவர் கணவரின் பெயர். கீழே நீக்கம், அதில் இரண்டாவதாக மறுபடியும் அதே பெயர். மேலே மனைவிக்கு அடையாளமாக இருந்தவர் கீழே நீக்கப்பட்டவராக இருந்தார். நான்கு விரற்கடை இடைவெளி. விரல் வைத்துத்தான் பார்த்தேன்.

அதை நகலெடுத்து, மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு மதகடிக்குப் போனேன். பகலில் போனால் பூட்டுத்தான் இருக்கும் என்பது இப்போது எனக்குத் தெரியும். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே பெண்கள் தூக்குச் சட்டிகளோடு நின்றிருந்தார்கள். தாளைக் கொடுத்தேன். அவருக்கு வாசிக்க வராது. நான் விரல் வைத்துக் காட்டினேன். முதலில் மேலே, பிறகு கீழே. மேலே இருந்ததை ஒரு பார்வைதான் பார்த்தார். கீழே இருந்ததை விளக்கு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

வேன் வந்தது. பெண்கள் ஏறினார்கள்.

"எலக்சன் எப்ப சார்?"

"இன்னும் தேதி சொல்லல."

"நடவுல வந்துறாம இருக்கணும்."

"வந்தா?"

"வந்தா என்ன. போன தடவ மாதிரி ஓடியாந்துருவேன்."

எனக்கு ஓர் ஆசை இருந்தது, சொல்லிவிட்டேன். "இந்தத் தடவை நானும் கடைசியா வந்து நிக்கலாம்னு இருக்கேன்மா."

அவர் வேன் படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினார். உள்ளே பதின்மூன்று பேர் ஏறியிருந்தார்கள், அவர்தான் கடைசி.

"வாங்க சார். எனக்கு முன்னாடி நில்லுங்க. ரெண்டாம் நம்பரு உங்களுக்குத்தான்."